முட்டித் தட்டின் அடிப்பக்கம்

“அம்மா, இதோட சொரசொரப்பை எடுத்து எங்க போட்டே?”

என் மகள் ஐந்து வயதில் கேட்ட கேள்வி. நான் வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம் அது. கை பழகுவதற்காகப் பட்டறையில் கொடுத்த இரண்டு உலோக வில்லைகளை வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தேன். ஒவ்வொன்றும் தபால் தலை அளவுதான் இருக்கும். இரண்டும் ஒரே பொடியில், ஒரே இயந்திரத்தில், ஒரே நாளில் பிறந்தவை. ஒன்று பிறந்த மேனிக்கு உப்புத்தாள் மாதிரி இருந்தது. மற்றதன் மேல் நான் லேசர் ஓட்டியிருந்தேன். அதை அவள் மூக்குக்கு நேரே பிடித்து, முன்பல் விழுந்த தன் வாயை அதில் பார்த்துச் சிரித்தாள். பிறகு சொரசொரப்பானதை ஒரு கன்னத்திலும் வழவழப்பானதை மறு கன்னத்திலும் தேய்த்துப் பார்த்துவிட்டுத்தான் அந்தக் கேள்வியைக் கேட்டாள்.

“தேய்ச்சு எடுத்துட்டேன்டா” என்று சமாளித்தேன்.

“பென்சில் சீவினா குப்பை வருதுல்ல? இதோட குப்பை எங்க?”

“முதல்ல சாப்பிடு” என்றேன். பதில் தெரியாத பெரியவர்கள் எல்லோரும் சொல்வது அதைத்தான்.

அவள் சாப்பிட்டுவிட்டுத் தூங்கிப்போனாள். நான்தான் அந்தக் கேள்வியோடு விழித்துக் கிடந்தேன். லேசர் பெட்டியை அதற்குள் எத்தனையோ முறை திறந்திருந்தேன். உள்ளே ஒரு சிட்டிகைத் தூள்கூட இருந்ததில்லை.

மறுநாள் காலை பவுடர் அண்ணனிடம் கேட்டேன்.

எங்கள் பட்டறையில் அப்போது மூன்றே அறைகள். ஒரு பக்கம் அச்சகம், மறு பக்கம் சைக்கிள் பழுது பார்க்கும் கடை, நடுவில் நாங்கள். முதல் அறை பவுடர் அண்ணனுடையது. மாவை விட நைசான உலோகப் பொடியை மெல்லியதாகப் பரப்பி, வேண்டிய இடத்தை மட்டும் உருக்கி, அதன் மேல் மறுபடி பரப்பி, மறுபடி உருக்கி, ஆயிரக்கணக்கான பரப்புகளில் ஒரு பொருளை எழுப்புகிற இயந்திரம் அங்கே இருந்தது. நாங்கள் அதைப் பிரிண்ட் என்று சொல்வோம். பொடியைச் சலிப்பது, நிரப்புவது, பிரிண்ட் முடிந்ததும் பொருளைப் பொடிக்குள்ளிருந்து தோண்டி எடுப்பது எல்லாம் அவர்தான். முகமூடியைக் கழற்றினாலும் புருவத்தில் சாம்பல் நிறம் ஒட்டியிருக்கும். “முகத்துக்குப் பவுடர் போடாத பவுடர் அண்ணன் நான் ஒருத்தன்தான்” என்பார்.

இரண்டாம் அறையில், பிரிண்ட் ஆனதைச் சூடேற்றிப் பதப்படுத்துகிற சூளையும் அதைப் பார்த்துக்கொள்கிற சூளைக்காரரும். மூன்றாம் அறை என்னுடையது. பொடியிலிருந்து வரும் பொருளின் தோலில் பாதி உருகிய மணிகள் ஒட்டிக்கொண்டிருக்கும். அதை வழவழப்பாக்குகிற லேசர் இயந்திரம் என் பொறுப்பு. பட்டறையில் அதற்குப் பெயர் மாமியார். நேருக்கு நேர் பார்க்க முடியாது, கறுப்புக் கண்ணாடி வழியாகத்தான் பார்க்க வேண்டும். கதவு சரியாகச் சாத்தவில்லை என்றாலும் வாயு கொஞ்சம் குறைந்தாலும் ஊரைக் கூட்டிக் கத்தும். அதனால் வைத்த பெயர். மாமியார் இல்லாத எனக்கு அந்த ஒரு மாமியார்தான் வாய்த்தாள். கணவர் இறந்து அப்போது இரண்டு வருடம் ஆகியிருந்தது. வீட்டில் நானும் மகளும் மட்டும்.

பவுடர் அண்ணன் கேள்வியைக் கேட்டுவிட்டு வாய்விட்டுச் சிரித்தார். “உன் பொண்ணு கேட்டதை இந்தப் பட்டறையில ஒருத்தரும் கேட்டதில்லம்மா. வா.”

பொடி நிறுக்கிற சின்னத் தராசில் ஒரு சொரசொரப்பான வில்லையை வைத்தார். எண்ணைத் தன் உள்ளங்கையில் எழுதிக்கொண்டார். “போய் மாமியார்கிட்ட காட்டிட்டு வா” என்றார். நான் அதைப் பெட்டிக்குள் வைத்து, காற்றுப் படாமல் காக்கிற ஆர்கான் வாயுவைத் திறந்து, லேசரை ஓட்டி, ஆறவிட்டுக் கொண்டுவந்தேன். மறுபடி தராசில் வைத்தார். உள்ளங்கையை விரித்துக் காட்டினார். கடைசி எண் வரைக்கும் மாறவில்லை.

“பாத்தியா? எங்கயும் போகல. மேட்டுல நின்னதெல்லாம் உருகிப் பள்ளத்துல போய்ப் படுத்துக்கிச்சு. உள்ளதான் இருக்கு. பாப்பாகிட்ட சொல்லு, சொரசொரப்பு தூங்குதுன்னு.”

அன்று மாலை அப்படியே சொன்னேன். மகள் அந்த வில்லையைப் பஞ்சு வைத்த ஒரு தீப்பெட்டிக்குள் படுக்கவைத்து, “சத்தம் போடாதேம்மா” என்றாள்.

இத்தனை வருடம் கழித்தும் அந்த நாட்களை நினைத்தால் ஆர்கான் உருளையின் உஸ்ஸென்ற ஓசைதான் முதலில் காதில் விழுகிறது. பிறகு அச்சகத்து மை வாசனை. மதியம் மூன்று பேரும் மாடிப்படியில் ஒருவர் கீழ் ஒருவராக உட்கார்ந்து டப்பாவைத் திறப்போம். மேல்படியில் சூளைக்காரர், நடுவில் பவுடர் அண்ணன், கீழே நான். மேலிருந்து ஏதாவது ஒன்று கரண்டியில் இறங்கி வந்துகொண்டே இருக்கும். நான் கொண்டுபோனது குறைவாக இருந்த நாட்களில் அதிகமாகவே இறங்கும். அதைப் பற்றி யாரும் பேசியதில்லை.

பட்டறைக்கு முதன்முதலாக மருத்துவமனை வேலை வந்தபோது நான் சேர்ந்து மூன்று மாதம் ஆகவில்லை. முட்டி தேய்ந்துபோனவர்களுக்கு உள்ளே வைக்கிற உலோகத் தட்டு. முதலாளி எங்களை நிற்கவைத்துச் சொன்னார்.

“இதுவரைக்கும் நாம செஞ்சது மெஷினுக்குள்ள போச்சு. இது மனுஷனுக்குள்ள போகுது. இதுல தப்பு பண்றவங்களை வெச்சுக்க முடியாது.” பிறகு என் பக்கம் திரும்பினார். “உனக்கு ஆறு மாசம் பாப்போம்னு சொல்லியிருக்கேன். ஞாபகம் இருக்கட்டும்.”

அந்தத் தட்டுக்கு இரண்டு முகம். மேல்முகம் கண்ணாடி மாதிரி இருக்க வேண்டும். அடிப்பக்கத்தைத் தொடவே கூடாது. அது எவ்வளவு சொரசொரப்பாக இருக்கிறதோ அவ்வளவு நல்லது. எலும்பு வளர்ந்து அந்தச் சின்னச் சின்னக் குழிகளுக்குள் வேர் விட்டுப் பிடித்துக்கொள்ளும். வழவழப்பாக இருந்தால் எலும்புக்குப் பிடிமானம் இருக்காது.

பவுடர் அண்ணன் ஒவ்வொரு தட்டையும் என்னிடம் தருவதற்கு முன்னால் ஒரு நிமிடம் கையில் வைத்துக் கண்ணை மூடிக்கொள்வார். உதடு அசையும். ஒருநாள் என்ன சொல்கிறார் என்று கேட்டேன். “பெருசா ஒண்ணுமில்ல. யாருன்னு தெரியாது, நல்லா நடக்கட்டும்னு சொல்வேன்.”

நான்காவது தட்டில்தான் அது நடந்தது.

வரைபடம் எதிரே ஒட்டியிருந்தது. நான் அதைப் படிக்கவும் செய்தேன். ஆனால் மூன்று மாதமாக என் கைக்கு ஒரே பழக்கம்: ஒரு பொருளை எடுத்ததும் விரல் தடவிப் பார்க்கும், எந்தப் பக்கம் அதிகமாகச் சொரசொரக்கிறதோ அதை மேலே வைக்கும். அதற்குத்தானே சம்பளம் வாங்குகிறேன்! அன்றும் விரல் தடவியது. மேலே வைத்தது. கதவைச் சாத்தினேன், மாமியார் கத்தவில்லை. கறுப்புக் கண்ணாடிக்குள் அந்த வெளிச்சப் புள்ளி வரிவரியாக உழுதுகொண்டு போவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பெட்டியைத் திறந்தபோது, சொல்ல வெட்கமாக இருக்கிறது, முதலில் சந்தோஷம்தான் வந்தது. அதுவரை என் கையில் எதுவும் அவ்வளவு அழகாக வந்ததில்லை. தண்ணீர் தேங்கி நிற்கிற மாதிரி இருந்தது. திருப்பிப் பார்த்தேன். மறுபக்கம் மங்கலாக, யாரும் தொடாததாக இருந்தது. அதுதான் மேல்முகம்.

தட்டை எடுத்துக்கொண்டு முதலாளி அறையை நோக்கி நடந்தேன். கதவுக்கு நாலடி இருக்கும்போது பவுடர் அண்ணன் பொடிச் சல்லடையோடு எதிரே வந்தார்.

“எங்க கிளம்பிட்டே? ஏன் முகம் இப்படி இருக்கு?”

கையை விரித்துக் காட்டினேன். அவர் அதை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துச் சாய்த்துப் பார்த்தார்.

“நல்லாத்தான் பண்ணியிருக்கே” என்றார். “பக்கம்தான் தப்பு.”

“அண்ணே, ஆறு மாசம்னு சொன்னாரு. மூணுகூட ஆகல. என்னை அனுப்பிட்டா நான் அவளை வெச்சுக்கிட்டு எங்க போவேன்?”

“அழாதே. தட்டுல கண்ணீர் பட்டா அதையும் ஒரு குறைன்னு எழுதணும்.” என்னை இழுத்துக்கொண்டு தன் அறைக்குப் போனார். நாட்காட்டியில் விரல் வைத்து எண்ணினார். “ஆபரேஷனுக்கு இன்னும் எட்டு நாள் இருக்கு. இன்னைக்குப் பிரிண்ட்ல ஒரு ஓரம் காலி. இன்னொண்ணு ஏத்திடறேன். காத்துக்கிட்டு இருக்கறவருக்கு ஒரு நாள்கூடத் தள்ளிப்போகாது. முதல்ல பாக்க வேண்டியது அதைத்தான்.”

“நோட்டுல எழுதணுமே அண்ணே.”

கெட்டுப்போன ஒவ்வொரு பொருளையும் குறை நோட்டில் எழுத வேண்டும் என்பது பட்டறைச் சட்டம். என்ன பொருள், என்ன குறை, யார் பொறுப்பு, கையெழுத்து.

“நோட்டை நான் எழுதிக்கறேன்” என்றார். எழுதினார். முட்டித் தட்டு, ஒன்று. அடிப்பக்கம் சரியில்லை. பொறுப்பு என்ற இடத்தில் தன் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

“அண்ணே, இது பொய்.”

“அடிப்பக்கம் சரியில்ல. இதுல எது பொய்?”

“பொறுப்புங்கற கட்டம்.”

பேனாவை மூடிப் பையில் செருகினார். “அதைப் பத்தி மேல இருக்கற கடவுள்கிட்ட நான் தனியாப் பேசிக்கறேன். என்னை ஒரு தப்புக்கெல்லாம் அனுப்ப மாட்டாங்க, இந்தப் பொடியைத் தின்ன வேற ஆள் கிடைக்காது. நீ நாளைக்கு ஒழுங்கா வேலைக்கு வா. பாப்பா அடுத்து எதையாவது கேட்டா எனக்குத் தெரியணும்ல.” கதவு வரை போய்த் திரும்பினார். “வாயைத் திறந்துடாதே. திறந்தா ரெண்டு பேரும் வீட்டுக்குப் போகணும்.”

பொய் பொய்தான். அவர் செய்ததைச் சரி என்று நான் வாதாட வரவில்லை. அதற்கு அவர் கொடுத்த விலையை மட்டும் சொல்கிறேன். அந்த வருடக் கடைசியில் மருத்துவ வேலைக்குத் தனிப் பிரிவு தொடங்கினார்கள். அதற்குத் தலைவராக எல்லோரும் நினைத்தது பவுடர் அண்ணனைத்தான். முதலாளி நோட்டைப் புரட்டினார். சூளைக்காரர் தலைவரானார். “நல்லதாப் போச்சு” என்றார் பவுடர் அண்ணன், மறுநாள் மாடிப்படியில். “தலைவரானா கூட்டத்துல எல்லாம் உக்காரணும். எனக்கு முதுகு வலி.” மேல்படியிலிருந்து கரண்டி வழக்கம்போல் இறங்கி வந்தது. நான் டப்பாவை மூடிவிட்டேன்.

அதற்குப் பிறகு அவர் மேசையிலிருந்து வருகிற ஒவ்வொரு தட்டின் அடிப்பக்கத்திலும் ஒரு துண்டுச் சிவப்பு டேப் ஒட்டியிருந்தது. விரல் தடவினால் டேப்தான் படும். என் கை ஏமாறவே முடியாது. புதிதாக வந்தவர்கள் அதைப் பட்டறைச் சட்டம் என்று நினைத்தார்கள். சில வருடத்தில் அது சட்டமாகவே ஆகி, செயல்முறைத் தாளில் ஏழாவது வரியாக ஏறிவிட்டது. ஏன் என்று யாரும் கேட்டதில்லை.

பதினோரு வருடம் அவரோடு வேலை செய்தேன். அவர் ஓய்வு பெற்ற அன்று முதலாளி நோட்டை உயர்த்திக் காட்டி, “இத்தனை வருஷத்துல இவர் பேர்ல எத்தனை குறை தெரியுமா? ஒண்ணு. ஒரே ஒண்ணு!” என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். முன்வரிசையில் அவர் மனைவி உட்கார்ந்திருந்தார். “அதென்னங்க அந்த ஒண்ணு?” என்று அவர் கேட்டது எனக்குக் கேட்டது.

“தூக்கக் கலக்கம்” என்றார் பவுடர் அண்ணன்.

நானும் கை தட்டினேன். அன்று எழுந்து நின்றிருக்கலாம். அவர் வேலையை யாரும் பறிக்க முடியாது, என் வேலையும் அதற்குள் உறுதியாகியிருந்தது. என்னைத் தடுத்தது வெட்கம் மட்டும்தான். நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தேன். ஆறு வருடம் போய்விட்டது.

இப்போது மகளுக்கு இருபத்திரண்டு வயது. வேறு ஊரில் வேலை கிடைத்துவிட்டது. “போதும்மா, என்கூட வந்துடு” என்றாள். சரி என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். பழைய முதலாளி காலமாகிவிட்டார், அவர் மகன்தான் பட்டறையைப் பார்க்கிறார். நாங்கள் சின்னவர் என்று கூப்பிடுவோம். போன புதன்கிழமை அவர் என் அறைக்கு வந்தார். இப்போது அங்கே மூன்று மாமியார்கள்.

“அக்கா, வெள்ளிக்கிழமை உங்களுக்கு வழியனுப்பு. சூளைக்காரர் சொல்றாரு, பதினேழு வருஷத்துல உங்க பேர்ல ஒரு குறைகூட இல்லையாமே! அப்பா இருந்தா பவுடர் அண்ணனுக்குச் செஞ்ச மாதிரி நோட்டைத் தூக்கிக் காட்டியிருப்பாரு. நானும் காட்டப்போறேன். அவருக்கே ஒண்ணு இருந்துச்சு, நீங்க அவரையும் மிஞ்சிட்டீங்க!”

நான் கறுப்புக் கண்ணாடியைத் துடைக்கக் குனிந்துகொண்டேன்.

“கூச்சப்படாதீங்கக்கா. பழைய நோட்டெல்லாம் அலமாரியில இருக்கும். நாளைக்கு எடுத்து என் மேசையில வெச்சுடுங்க, ஒரு தடவை புரட்டிப் பாத்துக்கறேன்.”

அன்று மாலையே பவுடர் அண்ணன் போனில் கூப்பிட்டார். வெள்ளிக்கிழமை வர முடியாதாம்.

“முட்டி மடங்க மாட்டேங்குதும்மா. டாக்டரு தட்டு வெக்கணும்ங்கறாரு. நீ வேலையை விடறதுக்கு முன்னாடியே வெச்சுக்கிட்டிருக்கணும். உன் கையால செஞ்சதுன்னா தைரியமா நடப்பேன்.”

“பக்கம் மாத்தி ஓட்டிட்டேன்னா அண்ணே?”

“அதுக்குத்தான் டேப் ஒட்டறாங்களே!”

இருவரும் சிரித்தோம். பின்னாலிருந்து அவர் மனைவியின் குரல் கேட்டது. “யாரு யாரைக் கேலி பண்றதுன்னு இல்ல? தூங்கிக்கிட்டே பிரிண்ட் போட்ட மனுஷன்தானே நீங்க!” அதைக் கேட்டு எங்கள் இருவரையும் விட அதிகமாகச் சிரித்தவர் பவுடர் அண்ணன்தான்.

நான் போனை வைத்த பிறகும் அந்தச் சிரிப்புக் கேட்டுக்கொண்டிருந்தது. ஓய்வு பெற்ற நாளிலிருந்து ஆறு வருடமாக அவர் தன் வீட்டிலேயே அந்தப் பேச்சை வாங்கிக்கொண்டிருக்கிறார்.

மறுநாள் மதியம் எல்லோரும் சாப்பிடப் போயிருந்தார்கள். இப்போது தனியாகச் சாப்பாட்டு அறை இருக்கிறது, மாடிப்படியில் யாரும் உட்காருவதில்லை. அலமாரியைத் திறந்தேன். கடந்த பத்து வருடக் குறைகள் கணினியில் இருக்கின்றன, அதற்கு முந்தியவை மட்டும் தாளில். அடியிலிருந்த நோட்டை எடுத்து மேசையில் வைத்தேன். பக்கம் தேட வேண்டியிருக்கவில்லை. ஓரத்தில் சாம்பல் நிறத்தில் அவருடைய கட்டைவிரல் பதிந்திருந்தது.

முட்டித் தட்டு, ஒன்று. அடிப்பக்கம் சரியில்லை.

அந்த நோட்டில் எதையும் அழிக்கக் கூடாது, வெள்ளை மை பூசக் கூடாது. எழுதியது தவறென்றால் அதன் மேல் ஒரே ஒரு கோடு இழுக்க வேண்டும். கீழே இருப்பது படிக்கும்படியே இருக்க வேண்டும். பக்கத்தில் சரியானதை எழுதி, கையெழுத்தும் தேதியும் போட வேண்டும். முதல் நாளே எனக்குச் சொல்லிக்கொடுத்த முறை. பதினேழு வருடத்தில் எனக்கு அது தேவைப்பட்டதே இல்லை.

அளவுகோலை வைத்து அவர் பெயரின் மேல் ஒரு கோடு இழுத்தேன். பக்கத்தில் என் பெயரை எழுதினேன். குறை என்ற கட்டத்தில் இடம் கொஞ்சம்தான் இருந்தது. பிரிண்டில் பிழை இல்லை, லேசர் தவறான பக்கத்தில் ஓட்டப்பட்டது என்று பொடி எழுத்தில் நுழைத்தேன். எழுத்துத் தெளிவாகத்தான் விழுந்தது. கையெழுத்துப் போட்டேன். தேதியை அன்றைய தேதியாகவே போட்டேன்.

மேலே இருப்பவரிடம் அவர் எனக்காகத் தனியாகப் பேசியிருப்பார். நானும் கண்ணை மூடி ஒரு வார்த்தை பேசினேன். அவருடைய முட்டியைப் பற்றி.

மை காயும் வரை பக்கத்தைத் திறந்தே வைத்திருந்தேன். பிறகு மூடி, எல்லா நோட்டுகளையும் சின்னவர் மேசையில் அடுக்கி, அதை மேலாக வைத்துவிட்டு, டப்பாவை எடுத்துக்கொண்டு மாடிப்படிக்குப் போய் உட்கார்ந்தேன். பவுடர் அண்ணன் உட்காரும் நடுப்படியில்.